வடக்குச் சுவரின் வருகைப் பதிவு

ஆனி மாதத்தில் மழை பிடித்துப் பதினொன்றாம் நாள், ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, குருவிமலை எஸ்டேட் தொடக்கப் பள்ளியின் வடக்குச் சுவர் முதன்முதலாக “உள்ளேன் டீச்சர்” என்றது. அதை யாரும் கவனிக்கவில்லை. மங்கை டீச்சர் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் பெயர் கூப்பிடுகிறவள். தலையைத் தூக்கினால் கோடு பக்கத்து வரிசைக்குப் போய்விடும், வருகையைக் காதால்தான் எடுக்க வேண்டும் என்று அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே தலைமையாசிரியர் ஞானசிகாமணி சொல்லிக்கொடுத்திருந்தார். பிள்ளைகளுக்கோ, விரித்திருந்த ஈரச் சாக்கில் எந்த மூலை கொஞ்சம் காய்ந்திருக்கிறது என்று தேடி நகர்ந்து நகர்ந்து உட்காரவே அந்த நேரம் போதவில்லை. நான்காம் வகுப்பு ரோஸ்லின் பெயர் வந்தது, “உள்ளேன் டீச்சர்” என்று பதில் வந்தது, டீச்சர் சாய்வாக ஒரு கோடு போட்டாள், அடுத்த பெயருக்குப் போனாள். ரோஸ்லின் அப்போது கீழே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஏழாம் நம்பர் வீட்டில், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்தபடி, மூச்சை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

மலையை வெட்டி, அந்த வெட்டிலேயே முதுகைச் சாய்த்துக் கட்டிய பள்ளி அது. வடக்குச் சுவருக்குப் பின்னால் மண்ணும் மலையும்தான். மழை மாதங்களில் மலை தன் தண்ணீரையெல்லாம் அந்தச் சுவர் வழியாகத்தான் இறக்கியது. முதலில் சுவர் வியர்க்கும், பிறகு பச்சை பிடிக்கும், பிறகு பச்சையின் மேல் மிளகைத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் வரும், அந்தப் புள்ளிகளிலிருந்து வருகிறதா மலைக்குள்ளிருந்து வருகிறதா என்று தெரியாத ஒரு வாசனை அறையெல்லாம் நிற்கும். தகரக் கூரையில் மழை விழுந்தால் டீச்சரின் குரல் இரண்டாம் வரிசையோடு நின்றுவிடும், மூன்றாம் வரிசைப் பிள்ளைகள் அவள் உதட்டைப் பார்த்தே படிப்பார்கள், அதனால் அந்தப் பள்ளியில் படித்தவர்களுக்குப் ‘படம்’ எது ‘மடம்’ எது என்பது ஐந்தாம் வகுப்பு முடிந்த பிறகும் சந்தேகமாகவே இருந்தது. கரும்பலகையில் சாக்பீஸ் வழுக்கியது. நோட்டின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நேற்று எழுதிய வீட்டுப்பாடம் இன்றைய பக்கத்தில் இடவலம் மாறி வந்து விழுந்தது. கழிவறைக்குக் கதவு போன பிறகு பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள், மூன்று மணிக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். இதையெல்லாம் பிள்ளைகளோ பெற்றவர்களோ குறையாகச் சொன்னதில்லை. மலையில் பனி விழுகிறது என்று யாராவது குறைசொல்வார்களா, அப்படி.

ரோஸ்லின் வயதுக்கு மீறின உயரம். முன்னால் உட்கார்ந்தால் குட்டையான பிள்ளைகளுக்கு மறைக்கும் என்று இரண்டாம் வகுப்பிலேயே அவளைச் சுவரோரம் தள்ளி உட்காரவைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது. நான்காம் வகுப்பில், மழை பிடித்தால் அவள் வருவதில்லை என்பது வழக்கமாகிவிட்டது.

சுவர் ஏன் பேசியது என்பதை யாரும் பெரிதாக ஆராயவில்லை. முந்தைய வெள்ளிக்கிழமை ஞானசிகாமணி சார் ஒரு சுற்றறிக்கையைச் சத்தமாக வாசித்தார். வருகை குறைந்த பள்ளிகளை மூடி அடுத்த பள்ளியோடு சேர்க்கப்போவதாக அதில் இருந்தது. அடுத்த பள்ளி பதினான்கு கிலோமீட்டர், நடுவில் யானைத்தடம். பிள்ளைகள் அழுதார்கள். அந்த அழுகையைச் சுவரும் கேட்டிருக்க வேண்டும் என்று சமையல் செய்யும் பேச்சியக்கா சொன்னாள். அதற்குமேல் காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள்தான் விஷயம் வெளியே வந்தது.

“டீச்சர்,” என்று ஒன்றாம் வகுப்பு எப்சிபா எழுந்து நின்றாள். “ரோஸ்லின் அக்கா வரல.”

“இப்பத்தானே உள்ளேன்னு சொன்னா?”

“அது சுவரு சொல்லுச்சு.”

மங்கை டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்தாள். சுவரோரம் இடம் காலியாக இருந்தது. ரோஸ்லின் சாய்ந்து சாய்ந்து தேய்ந்த இடத்தில் மட்டும் பச்சை பிடிக்காமல், ஒரு சின்ன முதுகின் அளவுக்குச் சுவர் வெறுமையாக இருந்தது. அவள் மறுபடி, மெதுவாக, “ரோஸ்லின்” என்றாள்.

“உள்ளேன் டீச்சர்,” என்றது சுவர்.

“பார்த்தீங்களா?” என்றாள் எப்சிபா, தான் சொன்னது சரியாகிவிட்ட சந்தோஷத்தோடு, உட்கார்ந்துகொண்டே.

மங்கை டீச்சர் ஞானசிகாமணி சாரிடம் போனாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்தார், தானே பெயரைக் கூப்பிட்டார், பதிலைக் கேட்டார், கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார்.

“பெயரைக் கூப்பிட்டா பதில் வருதா?”

“வருது சார்.”

“பதில் வந்தா கோடு போடணும். அதான் விதி. எங்கேயிருந்து வரணும்னு விதியில எழுதல.”

“சார், பிள்ளை வீட்ல கெடக்கு.”

“எனக்குத் தெரியாதா டீச்சர்? இந்த ஸ்கூல மூடினா இருபத்துமூணு பிள்ளைகளும் வீட்லதான் கெடக்கும்.”

அவள் கோடு போட்டாள்.

அன்று மத்தியானமே சேதி தேயிலைக் கொழுந்துக் காடுகளுக்கெல்லாம் போய்விட்டது. மஸ்டர் கொட்டகையில் பெயர் கொடுக்க நின்ற பெண்கள் சூப்பர்வைசரிடம், “சார், எங்களுக்கும் ஒரு சுவரு பாத்துக் குடுங்க, நாங்க வீட்ல படுத்துக்குறோம், அது கொழுந்து கிள்ளட்டும்,” என்றார்கள். அவர், “அட்டைக் கடியையும் அதுவே வாங்கிக்குமா?” என்றார். சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, தன் பெரிய மகளை அடுத்த நாள் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திக்கொண்டாள், எப்படியும் சுவர் சொல்லிவிடும் என்று. சுவரும் சொன்னது. அடுத்த நாள் இரண்டு பேர், அதற்கடுத்த நாள் காய்ச்சலில் மூன்று பேர், பிறகு சொறி பிடித்தவர்கள், கண் சிவந்தவர்கள், சும்மா மழைக்குப் பயந்தவர்கள். ஆடி பிறந்தபோது, மழையும் நிற்காமல் பனியும் விலகாமல் உலகமே ஒரு ஈரத்துணிக்குள் சுருட்டி வைத்ததுபோல இருந்த அந்த நாட்களில், இருபத்துமூன்று பெயருக்குப் பதினொரு பிள்ளைகளும் பன்னிரண்டு முறை சுவரும் பதில் சொல்வது என்று ஒரு கணக்கு அமைந்துவிட்டது.

பேச்சியக்காவுக்கு மட்டும்தான் சிக்கல். பதிவேட்டின்படி முட்டை வரும்.

“சார், சுவருக்கும் சேத்து அவிக்கவா?”

“அவிச்சுத்தான் ஆகணும். பதிவுல இருக்கே.”

“அது எந்த வாயால திங்கும்?”

அவள் பன்னிரண்டு முட்டையையும் அவித்து, தூக்குச்சட்டியில் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, வராத பிள்ளைகளின் வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். போகும்போது ஒவ்வொரு வீட்டிலும், “இந்தா, சுவரு குடுத்துவிட்டது,” என்று சொன்னாள். பிள்ளைகள் அதை நம்பினார்கள். பிறகு பெற்றவர்களும் நம்பினார்கள். ஒருநாள் யாரோ சுவரின் மூலையில் மஞ்சள் பூசி ஒரு செம்பருத்தியை வைத்துவிட்டுப் போனார்கள். இன்னொரு நாள் யாரோ சின்ன மரச் சிலுவையைச் சாய்த்துவைத்தார்கள். இரண்டும் ஈரத்தில் பக்கத்தில் பக்கத்தில் பூஞ்சை பிடித்தன, சண்டையில்லாமல்.

சுவர் படிக்கவும் செய்தது. மழை கொஞ்சம் ஓய்ந்து தகரம் அமைதியாகும் மத்தியான வேளைகளில், பிள்ளைகள் தட்டைக் கழுவப் போயிருக்கும்போது, அது தனக்குத்தானே வாய்ப்பாடு சொல்வது சமையல் கொட்டகை வரைக்கும் கேட்கும். இரண்டாம் வாய்ப்பாடு முடிந்தது, மூன்றாம் வாய்ப்பாடு முடிந்தது, நான்காம் வாய்ப்பாட்டில் நாலெட்டு முப்பத்திரண்டு என்று தடுமாறாமல் போனது. பச்சைப் பாசியின் மேல் எழுத்துகள் வர ஆரம்பித்தன, முதலில் வளைந்து, பிறகு நேராக, ‘படம்’ என்றும் ‘மடம்’ என்றும் தப்பில்லாமல். இடத்தை விட்டு நகராமல், ஒரு நாள்கூட விடாமல் இருந்து, ஒருவேளை அந்தப் பள்ளியில் முழுதாகப் பாடம் கேட்டது அந்தச் சுவர் மட்டும்தான். மேலிடத்திலிருந்து, நூறு சதவீத வருகைக்கு என்று பிளாஸ்டிக் போட்ட ஒரு சான்றிதழ் வந்தது. அதை ஞானசிகாமணி சார் சுவரிலேயே மாட்டினார். ஒரு வாரத்தில் பிளாஸ்டிக்குக்குள் புகுந்து பூஞ்சை ‘நூறு’வைத் தின்றுவிட்டு ‘சதவீத’த்தை மிச்சம் வைத்திருந்தது.

சுவர் பதில் சொன்னது அந்தந்தப் பிள்ளையின் குரலில்தான். அதில் ஒரு வித்தியாசம் இருந்ததை முதலில் கண்டுபிடித்தவள் ரோஸ்லினின் அம்மா தெரசம்மா.

அவள் கொழுந்துக் காட்டுக்குப் போகும் பாதை பள்ளிக்கூடத்தின் வாசலை ஒட்டிப் போகிறது. தலையில் சாக்கும் இடுப்பில் பிளாஸ்டிக் ஷீட்டுமாக, ஒருநாள் பெயர் கூப்பிடும் நேரத்துக்கு அந்த வழியே போனவள் நின்றுவிட்டாள். அடுத்த நாள் அதற்காகவே வந்து நின்றாள். நான்காம் நாள் வாசலுக்குள் தலையை நீட்டி, “டீச்சர், இன்னொரு வாட்டி அவ பேரக் கூப்பிடுவீங்களா?” என்று கேட்டாள்.

மங்கை டீச்சர் கூப்பிட்டாள்.

“உள்ளேன் டீச்சர்.”

தெரசம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தலைச்சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

“இது அவ ரெண்டாங்கிளாஸ் குரலு டீச்சர். இழுப்பு வர்றதுக்கு முன்னால உள்ளது. மேட்டுல ஓடிக்கிட்டே பாடுவா அப்பல்லாம். ஒரு கொரகொரப்பு இருக்கா பாருங்க இதுல? இல்ல.”

அதற்குப் பிறகு வராத பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் காலையில் ஒருதரம் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். சளி இல்லாத, அடைப்பு இல்லாத, ஒரு மூச்சில் முழுதாக வரும் குரல். கேட்டுவிட்டுப் போனால் நாளெல்லாம் கையில் கொழுந்து தானாக வருகிறது என்று சொன்னார்கள். தெரசம்மாவிடம் எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர், பிள்ளையைக் கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்று இரண்டுதரம் சொல்லிவிட்டார். அவளும் போகத்தான் இருந்தாள். ஆனால் காலையில் அந்தக் குரலைக் கேட்டுவிட்டால் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று மனசுக்குள் எதுவோ அடங்கிவிடுகிறது, மழை நிற்கட்டும் என்று தோன்றிவிடுகிறது. ஒரு வாரத்துக்கு மேல் வராத பிள்ளைகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டிய நர்சம்மாவும் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாள். அங்கே வராத பிள்ளை என்று ஒன்றுகூட இல்லை.

ஆடிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மங்கை டீச்சர் ஏழாம் நம்பர் வீட்டுக்குப் போனாள். ரோஸ்லின் உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு நிற்கிறது என்று அவள் உட்கார்ந்தே தூங்கவும் கற்றுக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தபோது பிள்ளையின் மூச்சில் ஒரு வாசனை வந்தது. சுண்ணாம்பும் பாசியும் கலந்த வாசனை. அது எங்கேயிருந்து வரும் வாசனை என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“டீச்சர், அது… எனக்கும் சேத்து… படிக்குதாமே?”

“நாலாம் வாய்ப்பாடு வரைக்கும் சொல்லுது.”

“நாலேழு?”

“இருபத்தெட்டு.”

“எனக்கு அது… மறந்துபோச்சு.” கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். “என் எடத்துல உக்காந்துக்கிட்டு எப்படி ஜம்முனு படிக்குது பாருங்க. அதுக்கு இழுக்காதா டீச்சர்?”

“இழுக்கல.”

“என்னோடத… எடுத்துக்கிட்டுப் போச்சு.” கோபத்தோடு சொல்லவில்லை, பென்சிலை எடுத்துக்கொண்டு போன பக்கத்துப் பிள்ளையைச் சொல்வதுபோலச் சொன்னாள். அப்புறம், “நான் அங்க இருக்கேன்னு எல்லாரும் நெனச்சுக்குவாங்க, இல்ல?” என்றாள்.

திங்கட்கிழமை ஞானசிகாமணி சார் மங்கை டீச்சரைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். அவர் ஆறு வருஷமாக அந்தச் சுவரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார், அதற்கு முதல்முறையாகப் பதில் வந்திருந்தது. நூறு சதவீத வருகை உள்ள கட்டடத்தில் குறை இருக்க வாய்ப்பில்லை, எனினும் வியாழக்கிழமை இன்ஜினியர் நேரில் பார்த்துக் கோப்பை முடித்துவைப்பார் என்று இருந்தது.

“முடிச்சு வைக்கிறதுன்னா?” என்று கேட்டாள் மங்கை டீச்சர்.

“சுவரு நல்லாயிருக்குன்னு கையெழுத்துப் போடுறது.”

“நாம உண்மையைச் சொல்லிடலாம் சார். பதினொரு பேருதான் வர்றாங்கன்னு.”

“சொன்னா சுவருக்காக மூடமாட்டான், எண்ணிக்கைக்காக மூடுவான். யானைத்தடத்துல யாரு கூட்டிட்டுப் போறது, நீங்களா?”

“ரோஸ்லின் உக்காந்தே தூங்குறா சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த ஊரில் கண்ணாடியை எத்தனை துடைத்தாலும் மறுபடி பனி பிடித்துக்கொள்ளும், அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். “நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல,” என்றார் கடைசியில். “நீங்களும் சொல்ல வேண்டியதில்ல. சொல்லிட்டிருக்கிறது யாரு? அதுகிட்டப் பேசிப் பாருங்க.”

புதன்கிழமை நாலு மணிக்குப் பிள்ளைகள் போன பிறகு மங்கை டீச்சர் ரோஸ்லினின் இடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து வரிசையாக உட்கார்ந்ததுபோலத் தரையில் தங்கியது. ரவிக்கை நனைந்து, பிறகு எலும்பு நனைந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, அவசரமில்லாமல், அவள் சுவருக்கு ஒரு புதுச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தாள்.

“வந்தவங்க உள்ளேன்னு சொல்லணும். வராதவங்க என்ன சொல்லணும்? இல்லேன். எங்கே, சொல்லு. இல்லேன்.”

எந்தப் பாடப்புத்தகத்திலும் அந்தச் சொல் பயிற்சியாக வந்ததில்லை. இலக்கணப்படி அது சரி. ஆனால் இல்லாதவர்களுக்கு அதைச் சொல்ல வாய் கிடையாது, அதனால் பள்ளிக்கூடம் தோன்றிய நாளிலிருந்து எந்த வகுப்பிலும் யாரும் அதைச் சொன்னதில்லை. எங்கேயோ ஒரு சொட்டு விழுந்தது, இன்னொரு சொட்டு விழுந்தது.

“நீ நல்லதுக்குத்தான் செஞ்ச,” என்றாள் அவள். “ஆனா வராத பிள்ளைய வந்துடுச்சுன்னு சொன்னா, அந்தப் பிள்ளையைத் தேடி யாரும் போகமாட்டாங்க. அது வீட்ல கெடந்து, அப்படியே…”

சுவருக்கென்று ஒரு குரல் இல்லை. அது எப்சிபாவின் குரலை எடுத்துக்கொண்டு, மிகச் சின்னதாக, “அப்ப எல்லாரும் போயிடுவாங்களா டீச்சர்?” என்றது.

பொய் சொல்லலாமா என்று அவள் யோசித்தாள்.

“ஆமா,” என்றாள். “போயிடுவாங்க.”

வியாழக்கிழமை பத்து மணிக்கு இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். மழைக்கோட்டைக் கழற்ற இடம் பார்த்தார், எங்கே மாட்டினாலும் நனையும் என்று போட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். சான்றிதழைப் பார்த்தார், மீதமிருந்ததை வாசித்தார். “சரி, வருகையை எடுங்க, எண்ணிட்டுக் கிளம்புறேன்,” என்றார்.

அன்று முதல்முறையாக மங்கை டீச்சர் தலையைத் தூக்கி, ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு முகத்தைத் தேடிப் பார்த்துக் கூப்பிட்டாள். முதல் பெயருக்கு ஒரு பிள்ளை எழுந்து உள்ளேன் என்றது. இரண்டாம் பெயருக்கு எழுந்திருக்க யாரும் இல்லை. அறை காத்திருந்தது. மலையின் உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சுபோல ஏதோ வந்தது.

“இல்லேன் டீச்சர்,” என்றது சுவர்.

இன்ஜினியர் நிமிர்ந்தார். “யாரு அது? யாரு விளையாடுறது?” என்று எழுந்துபோய் அலமாரிக்குப் பின்னால் பார்த்தார்.

“சுவரு சார்,” என்றாள் எப்சிபா, இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

டீச்சர் நிறுத்தவில்லை. கூப்பிட்டுக்கொண்டே போனாள். சுவர் சொல்லிக்கொண்டே போனது. காய்ச்சலில் கிடந்தவனின் குரலில், சொறி பிடித்தவளின் குரலில், தம்பியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தவளின் குரலில், இல்லேன் டீச்சர், இல்லேன் டீச்சர் என்று, ஒவ்வொரு முறையும் பாசியிலிருந்து ஒரு வரி எழுத்து கரைந்து தண்ணீராக இறங்க, அது சொன்னது. இன்ஜினியர் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். மணிக்கட்டுவரை உள்ளே போய், சேறாக வெளியே வந்தது. அவர் அந்தக் கையைத் துடைக்காமல் அப்படியே நின்றார்.

“ரோஸ்லின்.”

“இல்லேன் டீச்சர்.”

அந்தத் தெளிவான, கொரகொரப்பில்லாத, மேட்டில் ஓடிக்கொண்டே பாடுகிற குரல்தான். அதே குரல்தான் அதைச் சொன்னது. வாசலில் எப்போதும்போலக் கேட்க வந்து நின்ற தெரசம்மாவின் தலையிலிருந்து சாக்கு நழுவி விழுந்தது.

“என்னது?” என்றாள். “என்ன சொல்றா அவ?”

யாரும் பதில் சொல்வதற்குள் அவள் போய்விட்டாள். கீழ் லைனுக்குப் படிகள் நூற்றுக்கு மேல். அவள் படியில் போகவில்லை, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நேராக இறங்கினாள் என்று பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் மங்கை டீச்சர் மீதிப் பெயர்களைக் கூப்பிட்டு முடித்தாள், வராதவர்களுக்குப் பன்னிரண்டு சுழிகளைப் போட்டாள். இன்ஜினியர் குடித்து முடிக்காத தேநீர் ஆறிப்போனது. அப்போது வாசலில் தெரசம்மா, கம்பளியில் சுற்றிய பெரிய மூட்டைபோல, உயரமான பிள்ளையின் கால்கள் தன் முழங்காலுக்குக் கீழே தொங்க, ரோஸ்லினைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“இருக்கா!” என்று கத்தினாள், டீச்சரைப் பார்த்தும் இன்ஜினியரைப் பார்த்தும் சுவரைப் பார்த்தும். “பாருங்க, இருக்கா! எம்புள்ள இருக்கா!”

ரோஸ்லினின் உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது.

“டிரைவர்!” என்றார் இன்ஜினியர். “வண்டிய எடு. எடுன்னா!” மழைக்கோட்டைக் கழற்றிப் பிள்ளைமேல் போட்டார். தன் முன்சீட்டில் தெரசம்மாவை ஏற்றிவிட்டு, இவர் பள்ளிக்கூடத்திலேயே நின்றுவிட்டார். நாற்பது கொண்டைஊசி வளைவுகளில் ஜீப் இறங்கும் சத்தம் வளைவுக்கு வளைவு சின்னதாகி, பனிக்குள் போய், நின்றது. பிறகு அவர் ஒரு தாளைக் கேட்டு வாங்கி எழுதத் தொடங்கினார். ஞானசிகாமணி சார் பக்கத்தில் நின்று, யானைத்தடம், பதினான்கு கிலோமீட்டர் என்று மெதுவாகச் சொல்லச் சொல்ல அதையும் எழுதினார். மத்தியானம் பேச்சியக்கா அவருக்குச் சோறு போட்டாள். “இன்னிக்கு முட்டை பதினொண்ணுதான்,” என்று சொல்லி, தன் பங்கை அவர் தட்டில் வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ரோஸ்லினுக்கு மூக்கில் மூடி வைத்து மருந்துப்புகை கொடுத்தார்கள். முதல் நாள் முழுவதும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவள் படுத்துத் தூங்கினாள். நேராக, தலையணை ஒன்றோடு. தெரசம்மா அவள் மார்பில் காதை வைத்துக்கொண்டு, இரைச்சலும் அடைப்புமாக வந்த அந்த மூச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்ததாக நர்ஸ்கள் சொன்னார்கள்.

இன்ஜினியர் எழுதிய தாளின் பேரில், ஆவணியில் பள்ளி, எஸ்டேட்டின் பூட்டிக்கிடந்த ஸ்டாஃப் கிளப்புக்கு மாறியது. பலகைத் தரை, மூன்று பக்கம் ஜன்னல், கணப்பு அடுப்பு ஒன்று, கதவு உள்ள கழிவறை இரண்டு. நடுவில் நகர்த்தவே முடியாத பெரிய பில்லியர்ட்ஸ் மேஜை ஒன்று இருந்தது, ஐந்தாம் வகுப்பு அதைச் சுற்றி உட்கார்ந்தது. முதல் வாரம் பிள்ளைகளுக்கு அந்த இடம் பயமாக இருந்தது, ஏனென்றால் டீச்சர் சொல்வதெல்லாம் கேட்டது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. மெதுவாகப் பேசினாலும் கேட்டது. பெண்பிள்ளைகள் தண்ணீர் குடித்துப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு மறுபடி குடித்தார்கள். தம்பியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தவள் தம்பியோடு வந்தாள். சொறி பிடித்தவர்கள் வந்தார்கள். தகரக் கட்டடத்தை யாரும் இடிக்கவில்லை. மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மலைக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் கொழுந்து கிள்ளப் போகிறவர்கள் சில மத்தியானங்களில் அது வாய்ப்பாடு சொல்வதைக் கேட்டார்கள். ஆறாம் வாய்ப்பாடு வரைக்கும் போய் நின்றுவிடும், ஏழு அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒருநாள் எப்சிபா, ஒன்றாம் வகுப்புதான், யாரிடமும் சொல்லாமல் போய், தனக்கே சரியாகத் தெரியாத ஏழாம் வாய்ப்பாட்டை அதற்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

ரோஸ்லின் வந்தது கார்த்திகையில். வெயில் வந்திருந்தது. பலகைத் தரையில் ஜன்னல் நான்கு கட்டமாக விழுந்திருக்க, அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே உட்காருவது என்று பார்த்து, தானாகவே சுவரோரம் போனாள். “நடுவுல வா,” என்றாள் டீச்சர். “மறைக்கும் டீச்சர்.” “மறைக்கட்டும்.”

வருகை எடுத்தாள். நான்காம் வகுப்பு வந்தபோது மங்கை டீச்சர் ரோஸ்லினைப் பார்த்தாள், சத்தமில்லாமல் கோடு போடப்போனாள், அடுத்த பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

“டீச்சர், எம்பேரக் கூப்பிடல.”

“பாத்துட்டேன்ல. பதில் சொன்னா உனக்கு இழுக்கும்னு…”

“இழுத்தா இழுக்கட்டும். கூப்பிடுங்க.”

டீச்சர் கூப்பிட்டாள். ரோஸ்லின் எழுந்து நின்றாள். தோள்கள் ஏறின, ஒருதரம் இறங்கின, மறுபடி ஏறின. மேஜையைச் சுற்றி ஐந்தாம் வகுப்பு பேச்சை நிறுத்தியது. சமையலறையில் பேச்சியக்கா கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேனா தாளைத் தொடாமல் காத்திருந்தது, யாரும் அவளுக்குப் பதிலாகச் சொல்லவில்லை, அவளும் அவசரப்படவில்லை, அந்த அறையில் அத்தனை பேரும் ஒரு மூச்சுக்காக இடம் விட்டுக்கொண்டு இருக்க, அது வந்தது, கொரகொரவென்று, இரண்டாக உடைந்து:

“வந்து… ட்டேன் டீச்சர்.”

பக்கத்துப் பிள்ளை அவளைத் திருத்த வாயெடுத்தது. மங்கை டீச்சர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, கோட்டை நீளமாகப் போட்டாள்.